6/6 வந்த பிறகும் ஏன் தெளிவில்லை? கண்புரை லென்ஸும் பார்வையின் தரமும்

கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சோதிக்கும்போது பலகையின் கடைசி வரி வரை, அதாவது 6/6 வரை, தடங்கலில்லாமல் படித்துவிட்டு, "எல்லாம் தெரியுதுங்க டாக்டர், ஆனா நல்லாத் தெரியலை" என்று சொல்கிறவர்கள் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, எந்த ஊர்க் கண் மருத்துவமனையிலும் இந்தப் பேச்சு காதில் விழும். கூட வந்த மகனோ மருமகளோ, "அதான் எல்லா எழுத்தும் படிச்சிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று அதட்டிக் கூட்டிப்போவதும் வழக்கம். பெரியவர் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பலகையில் இருப்பது பளிச்சென்ற வெள்ளையில் கன்னங்கரேல் என்ற எழுத்து. 6 மீட்டர் தூரம், நல்ல விளக்கு, அசையாத நாற்காலி. நடைமுறை வாழ்க்கை அப்படி அமைவதில்லை. மார்கழி மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஈரக் களிமண் வரப்பும் பக்கத்தில் நிற்கும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்போது எங்கே கால் வைப்பது என்பது ஒரு சோதனை. பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் எதிரே ஹைபீம் போட்டு வரும் பஸ்ஸுக்குப் பக்கத்தில், பின்விளக்கு இல்லாத மாட்டு வண்டி தெரிகிறதா என்பது இன்னொன்று. இங்கே வேண்டியது நிறத்துக்கு நிறம் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிரித்தறியும் திறன். கான்ட்ராஸ்ட் என்று சொல்வார்கள். அதோடு கூச்சம் தாங்கும் திறன், வேலை நடக்கும் தூரத்தில் குவியம் விழுவது, இரண்டு கண்ணும் ஒத்துழைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் பார்வையின் தரம். 6/6 அதில் ஒரு பகுதி மட்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் கவுன்சலிங் அறையில் ஒரு விலைப்பட்டியல் காட்டுவார்கள். கீழே சாதா லென்ஸ், மேலே மடக்கு லென்ஸ், அதற்கும் மேலே டோரிக், ஈடாஃப், ட்ரைஃபோக்கல் என்று ஏறிக்கொண்டே போகும். விலை ஏற ஏறப் பார்வையும் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் மேல்தட்டு லென்ஸ்கள் கூடுதலாகத் தருவது பெரும்பாலும் கண்ணாடி போடாமல் இருக்கும் வசதி. அதற்கு விலையாகக் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். யாருக்கு எது லாபம் என்பது அவர் கண்ணையும் தொழிலையும் பொறுத்தது. நம் பகுதியில் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக அளந்து வைத்த, ஒரே தூரத்துக்குக் குவிக்கும் ஒரு குவிய லென்ஸே மேல். தேவைப்பட்டால் அதில் சிலிண்டர் (கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பதால் வரும் பவர்) திருத்தமும் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் அப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் அளவு

கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலில் வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29-ல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளேயே கிடந்தும் கண் அதிகம் எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்துத்தான் அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தார். லென்ஸ் கண்ணுக்குள் நின்றது. பவர் கணக்குதான் பெரிதாகப் பிசகியது. அந்த முதல் நோயாளிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கடுமையான கிட்டப்பார்வை. லென்ஸ் எவ்வளவு உசத்தி என்றாலும் அளவு தவறினால் பார்வை தவறும் என்பது முதல் ஆபரேஷனிலேயே தெரிந்துபோனது.

பவர் கணக்குக்கு இரண்டு அளவு முக்கியம். ஒன்று கண்ணின் நீளம், மற்றது கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறம் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியாவின், வளைவு. இன்றைக்குப் புதிய சூத்திரங்கள் வந்துவிட்டாலும் கணக்கின் போக்கு புரிவதற்குப் பழைய சூத்திரம் போதும்: லென்ஸின் மாறிலியிலிருந்து (ஒவ்வொரு லென்ஸுக்கும் தயாரிப்பாளர் தரும் எண்), நீளத்தை 2.5-ஆல் பெருக்கிக் கழி. கருவிழிப் பவரை 0.9-ஆல் பெருக்கிக் கழி. மாறிலி 118.4, நீளம் 23.0 மி.மீ., கருவிழி 44 பவர் என்றால் விடை 21.3. இதே கண்ணின் நீளத்தை 22.7 என்று தவறாக அளந்துவிட்டால் விடை 22.05. வெறும் 0.3 மி.மீ. பிசகுக்கு முக்கால் பவர் கூடுதலான லென்ஸ் உள்ளே போகிறது. கண்ணாடிக் கணக்கில் ஏறக்குறைய அரை பவர் மைனஸாக வந்து நிற்கும்.

0.3 மி.மீ. எப்படிப் பிசகும்? மரப்புத்துளி போட்டு, பேனா போன்ற ஒரு முனையைக் கருவிழியில் தொட்டு அளக்கும் ஏ-ஸ்கேனில் கை கொஞ்சம் அழுத்தினால் போதும். கருவிழி உள்வாங்கும், கண் குட்டையாகக் கணக்காகும். தண்ணீர்க் கிண்ணம் வைத்துத் தொடாமல் அளக்கும் இம்மர்ஷன் முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒளியால் அளக்கும் ஆப்டிகல் பயோமெட்ரி இன்னும் துல்லியம். ஆனால் புரை முற்றி வெள்ளையாகவோ காப்பிக்கொட்டை நிறமாகவோ ஆகிவிட்டால் அந்த ஒளி உள்ளே போகாது. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று அறுவடை அறுவடையாகத் தள்ளிப்போட்டவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். முற்றிய புரையை உடைக்கக் கூடுதல் சக்தி செலவாகும், கருவிழி வீங்கும், இருப்பதிலேயே நல்ல அளவுக் கருவியையும் பயன்படுத்த முடியாது.

கருவிழி அளவைக் கெடுப்பதில் கண் வறட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணீர்ப் படலம் திட்டுத் திட்டாக இருந்தால் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு வேறு எண் வரும். அப்படி வந்தால் இரண்டு மூன்று வாரம் ஈரத்துளி போட்டுவிட்டு மறுபடி அளப்பதே முறை. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்; லென்ஸ் ஒருமுறைதான் உள்ளே போகிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பொருளில் செய்தது

ரிட்லி பயன்படுத்திய அதே பிளாஸ்டிக், பிஎம்எம்ஏ, இன்றைக்கும் முகாம்களில் வைக்கப்படுகிறது. மதுரை ஆரோலேப் 1992-ல் தொடங்கி, குறைந்த விலையில் இவற்றைச் செய்யத் தொடங்கியதால்தான் இலவச முகாம்களில் எல்லோருக்கும் லென்ஸ் வைப்பது சாத்தியமானது. அதற்கு முன்னால் புரையை எடுத்துவிட்டு, சோடாப்புட்டி அடி போன்ற பத்துப் பவர் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். பழைய ஆட்களின் போட்டோக்களில் அந்தக் கண்ணாடியைப் பார்க்கலாம்.

"கட்டி லென்ஸ்" என்று ஊரில் மட்டமாகச் சொல்வது இதைத்தான். ஒளியியல் தூய்மையில் பார்த்தால் இது மட்டமே இல்லை. நிறங்களைச் சிதறடிக்காமல் குவிப்பதைக் குறிக்கும் ஆபி எண் பிஎம்எம்ஏவுக்கு ஏறக்குறைய 58. விலை கூடிய சில மடக்கு லென்ஸ்களின், நீரை ஈர்க்காத ஹைட்ரோஃபோபிக் அக்ரிலிக்குக்கு 37 வரை இறங்கும். குறைபாடு வேறு இடத்தில் இருக்கிறது. பிஎம்எம்ஏ மடங்காது. 6 மி.மீ. வட்டத்தை உள்ளே நுழைக்க 6 மி.மீ.க்கு மேல் கீறல் வேண்டும். புரையை ஒலி அதிர்வால் உடைத்து உறிஞ்சும் பேகோ முறையில் மடக்கு லென்ஸை 2.2 முதல் 2.8 மி.மீ. கீறலில் உள்ளே விட்டுவிடலாம். பெரிய கீறல் கருவிழியின் வளைவை மாற்றி, சிலிண்டர் பவரை உண்டாக்குகிறது. முகாமில் செய்யும் தையலில்லா எஸ்ஐசிஎஸ் முறையில், மேல்புறம் கீறினால் ஒன்று, ஒன்றரை பவர் வரை சிலிண்டர் மாறலாம். வயதானவர்களின் கருவிழி ஏற்கெனவே படுக்கைவாட்டில்தான் அதிகம் வளைந்திருக்கும். மேல்புறக் கீறல் அதைக் கூட்டிவிடும். காதுப் பக்கம் கீறினால் குறையும். அனுபவமுள்ள கை இடம் பார்த்துத்தான் கீறும்.

நன்றாக முற்றிய வெள்ளைப் புரையில் எஸ்ஐசிஎஸ், பேகோ இரண்டின் முடிவும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருந்தன என்று புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனை ஆய்வு 2010-ல் வெளியானது. முகாமில் செய்துகொண்டவர் தாழ்ந்த சிகிச்சை பெற்றுவிட்டதாகக் குமைய வேண்டியதில்லை. மீதமிருக்கும் சிலிண்டருக்கு ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி எழுதி வாங்கிப் போட வேண்டும். பலர் அதை மட்டும் செய்வதில்லை. ஓசியில் கிடைத்த ரெடிமேட் கண்ணாடியில் சிலிண்டர் இருக்காது.

மடக்கு லென்ஸில் இரண்டு வகை. நீரை ஈர்க்கும் ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக்கில் நான்கில் ஒரு பங்கு நீர். விலை குறைவு, சுலபமாக உள்ளே போகும், ஆனால் பின்னாளில் லென்ஸ் பை (புரையை எடுத்த பிறகு செயற்கை லென்ஸ் உட்காரும் இயற்கைப் பை) மங்குவது இதில் அதிகம். ஹைட்ரோஃபோபிக் லென்ஸ் பையோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும்; விளிம்பு கூராக வெட்டப்பட்டிருந்தால் செல்கள் பின்புறம் ஊர்ந்து வருவதும் தடைபடும். மஞ்சள் சாயம் ஏற்றிய லென்ஸ் விழித்திரையைக் காக்கும் என்று விற்பார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

அஸ்ஃபெரிக் என்ற சொல் பட்டியலில் இருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. சராசரிக் கருவிழியின் ஓரத்தில் விழும் ஒளி நடுவில் விழுவதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடும். அந்தப் பிழை ஏறக்குறைய +0.27 மைக்ரான். இளவயது லென்ஸ் அதைச் சரிக்கட்டுகிறது. சாதா கோள லென்ஸ் பிழையைக் கூட்டும், அஸ்ஃபெரிக் லென்ஸ் −0.20 அல்லது −0.27 கொடுத்துக் குறைக்கும். பட்டப்பகலில் கண்பாப்பா சுருங்கியிருக்கும்போது வித்தியாசம் தெரியாது. பொழுது சாய்ந்து பாப்பா விரியும்போதுதான் பலன். இதுவும் லென்ஸ் நடுவில் உட்கார்ந்தால்தான், அரை மி.மீ. அளவுக்கு நகர்ந்துவிட்டால் லாபம் போய்விடும். வரப்பில் நடக்கிறவருக்கும் இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கும் கூடுதல் பணம் போட ஏற்ற முதல் இடம் இதுதான்.

எந்தத் தூரத்துக்குக் குவிப்பது

சாதாரண ஒரு குவிய லென்ஸை, மோனோஃபோக்கலை, எல்லோருக்கும் தூரப் பார்வைக்கு வைத்துவிட்டு, "கிட்டத்துக்குக் கண்ணாடி போட்டுக்கங்க" என்பது வழக்கம். இதுதான் பலருக்குச் சரி. எல்லோருக்கும் சரியா என்று கேட்காமல் விடுவதுதான் தவறு.

கணக்கு சுலபம். ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுத்தால் பவர். 40 செ.மீ.யில் செய்தித்தாள் படிக்க 2.5. அரை மீட்டர் தூரத்தில் வேலை என்றால் 2. திருபுவனத்துத் தறிக்குழியில் உட்கார்ந்து பாவு நூலைப் பார்க்கிறவருக்கு ஏறக்குறைய அரை மீட்டர். அறுந்த இழையை முடியும்போது தலை இன்னும் குனியும். சுவாமிமலையில் மெழுகில் நகக்கண் அளவு விரல்களை வார்க்கிறவருக்கும், தஞ்சாவூர் ஓவியத்தில் கல் பதிக்கிறவருக்கும் 35, 40 செ.மீ. நாள் முழுக்க இந்தத் தூரத்தில் உழைக்கிறவர் சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வைக்காரராக இருந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்து பழகியவர் என்றால், இரண்டு கண்ணையும் தூரத்துக்கு மாற்றிவிடுவது அவருக்கு நல்லதாக முடியாது. காலம் முழுக்க வெறும் கண்ணால் பார்த்த வேலைக்கு இப்போது கண்ணாடி தேட வேண்டிவரும். −2 அல்லது −2.5-ல் நிறுத்தி, சாலைக்குக் கண்ணாடி போடச் சொல்வது அவருக்கு ஏற்றது. இதற்குத் தனி லென்ஸ் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. ஆபரேஷனுக்கு முன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேலை செய்யும் இடத்தில் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போவது நல்லது. "கொஞ்சம் கிட்டக்க" என்று சொன்னால் மருத்துவர் எந்த எண்ணை எழுதுவார்?

நடுவழியும் ஒன்று உண்டு. ஆதிக்கக் கண்ணைத் தூரத்துக்கு வைத்து, மற்றதை −1 அல்லது −1.25-ல் நிறுத்துவது. மினி மோனோவிஷன் என்று பெயர். போன் திரை, மளிகைக் கடைத் தராசு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மீட்டர் காட்டும் எண் ஆகியவை கண்ணாடியில்லாமல் தெரியும். பொடி எழுத்துக்கு மட்டும் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் ஒன்றரையைத் தாண்டினால் ஆழம் மதிப்பிடுவது பாதிக்கும். படி இறங்கும்போதும், படகிலிருந்து கால் வைக்கும்போதும் தெரியும். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதை உள்ளங்கைகளைக் கூட்டி நடுவில் ஒரு ஓட்டை விட்டு, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினாலே கண்டுபிடிக்கலாம். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான்.

சிலிண்டர்

கருவிழி உருண்டையாக இல்லாமல் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருந்தால் விளக்கு ஒரு பக்கமாக இழுத்துத் தெரியும், எழுத்துக்கு நிழல் விழும். அளவு ஒரு பவரைத் தாண்டினால் டோரிக் லென்ஸைப் பற்றிப் பேசலாம். அஸ்ஃபெரிக்கை விட்டால், பட்டியலில் கான்ட்ராஸ்டைப் பறிக்காமல் கூடுதல் தெளிவு தரும் லென்ஸ் இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். கெடுவது எங்கே என்றால், அச்சில். லென்ஸில் உள்ள குறிகள் கருவிழியின் அச்சோடு நேராக நிற்க வேண்டும். ஒரு டிகிரி விலகினால் திருத்தத்தில் ஏறக்குறைய 3.3% போகும், 10 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு, 30 டிகிரியில் வைத்ததும் வைக்காததும் ஒன்று.

படுத்தவுடன் கண் கொஞ்சம் சுழலும். அதனால் உட்கார்ந்த நிலையிலேயே கருவிழி ஓரத்தில் மை வைத்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மேஜையில் படுக்க வைப்பார்கள். சுழற்சி பெரும்பாலும் முதல் நாளிலேயே, அதுவும் முதல் சில மணி நேரத்தில் நடக்கும்; உள்ளே போட்ட பிசின் மருந்தை லென்ஸுக்கு அடியிலிருந்தும் முழுக்கக் கழுவி எடுக்கவில்லை என்றால் வழுக்கும். நீளமான, பெரிய கண்களில் பை பெரிது, அதனால் அபாயமும் பெரிது. அச்சு விலகியது தெரிந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் திருப்பி நிறுத்திவிடலாம். பை சுருங்கி ஒட்டிய பிறகு கடினம். கருவிழியின் பின்புறத்திலும் சராசரியாக 0.3 அளவுக்குச் சிலிண்டர் ஒளிந்திருக்கும். அதைச் சேர்க்காமல் முன்புறத்தை மட்டும் வைத்துக் கணக்குப்போட்டால், செங்குத்து வளைவுக்காரருக்குத் திருத்தம் மிஞ்சிப்போகும்.

ட்ரைஃபோக்கல்: ஒரே தண்ணீர், மூன்று மதகு

ட்ரைஃபோக்கல் லென்ஸின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படிக்கட்டு வளையங்கள். அவை உள்ளே வரும் ஒளியைத் தூரம், நடு, கிட்டம் என்று மூன்று குவியங்களுக்குப் பிரிக்கும். ஆற்றில் வரும் தண்ணீர் அதே அளவுதான், மதகு மட்டும் மூன்று. கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரவலாக வைக்கப்படும் பான்ஆப்டிக்ஸ் லென்ஸில், பாப்பா 3 மி.மீ. விரிந்திருக்கும்போது, ஏறக்குறைய 44% ஒளி தூரத்துக்கு, 22% 60 செ.மீ.க்கு, 22% 40 செ.மீ.க்கு. மீதம் 12% எதற்கும் பயன்படாமல் சிதறும். தூரத்தைப் பார்க்கும்போது கிட்டக் குவியத்துக்கான ஒளி காணாமல் போவதில்லை. மங்கலான ஒரு படமாகத் தெளிவான படத்தின் மேலே படியும். கான்ட்ராஸ்ட் குறைவதும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவதும் அதனால்தான்.

பகலில், நல்ல வெளிச்சத்தில், பணத்தாள் எண்ணுவதற்கும் போன் பார்ப்பதற்கும் கண்ணாடியே வேண்டாம் என்பது உண்மையான சௌகரியம். மறுப்பதற்கில்லை. மூளை மூன்று முதல் ஆறு மாதத்தில் வளையங்களைக் கண்டுகொள்ளாமல் பழகும், பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். பழகாத சிலருக்கு லென்ஸை மாற்றும் நிலைகூட வரும். இரவுப் பயணம் அதிகமுள்ள டிரைவர், நாகப்பட்டினத்தில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர், வேதாரண்யம் உப்பளத்தின் வெள்ளைக் கூச்சத்தில் நாள் முழுக்க நிற்கிறவர் ஆகியோருக்கு இதைப் பரிந்துரைப்பது தவறான ஆலோசனை. கடையில், அலுவலகத்தில், வீட்டுக்குள் வேலை. இரண்டு கண்ணும் ஆரோக்கியம். கண்ணாடியே வேண்டாம் என்பதில் உறுதி. கொஞ்சம் வளையம் தெரிந்தால் பரவாயில்லை என்கிற மனசு. இந்த நாலும் இருந்தால் யோசிக்கலாம். மிச்சச் சிலிண்டர் அரை, முக்கால் இருந்தாலே ட்ரைஃபோக்கல் தடுமாறும். மோனோஃபோக்கல் அதைப் பொறுத்துக்கொள்ளும். அளவில் வரும் சின்னப் பிசகு விலை உயர்ந்த லென்ஸில்தான் அதிகம் வலிக்கும்.

ஈடாஃப் என்பது குவியத்தை மூன்றாகப் பிரிக்காமல் நீட்டிவைக்கும் வகை. தூரமும் 60, 70 செ.மீ.யும் நன்றாகத் தெரியும். பஞ்சாங்கத்துப் பொடி எழுத்துக்கு +1, +1.25 கண்ணாடி தேவைப்படும். வளையத் தொல்லை ட்ரைஃபோக்கலைவிடக் குறைவு. வளையப் படிக்கட்டே இல்லாத சில வகைகளில் இன்னும் குறைவு.

நம் கண்களில் உள்ள தனித்தனிச் சிக்கல்கள்

நெல் விளையும் ஊரில் கருவிழிக்குத் தனிக் கஷ்டங்கள் உண்டு. அறுவடையிலும் களத்திலும் நெல் தாளோ உமியோ கண்ணில் கீறி, பூஞ்சைப் புண் வந்து ஆறினால் தழும்பு நிற்கும். "கண்ணுல பூ விழுந்திருக்கு" என்பது அதுதான். தழும்பு சிறியதாக இருந்தாலும் கருவிழி ஒழுங்கில்லாமல் வளைந்திருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் ஒளியைப் பிரிக்கும் லென்ஸ் கூடவே கூடாது. டோரிக்கும் பெரும்பாலும் பயன்தராது. வெயிலிலும் தூசியிலும் உழைத்துக் கண்ணில் "சதை வளர்ந்தவர்களுக்கு" வேறு சிக்கல். சதை கருவிழியை இழுத்துத் தட்டையாக்கும். அதை எடுக்காமல் அளந்தால் அளவு பொய். பெரிய சதையாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கருவிழி நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் காத்திருந்து, மறுபடி அளந்து, பிறகுதான் புரை.

சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தாலோ ரத்தக்கசிவு இருந்தாலோ, ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் குறைந்த கண். அதில் மேலும் பிடுங்கும் லென்ஸ் எதற்கு? கண்நீர் அழுத்த நோய்க்கும் (கிளாக்கோமா) இதே கணக்கு. பாப்பா ஓரத்தில் சாம்பல் தூவினாற்போல் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் தென்னிந்தியாவில் அடிக்கடி காண்பது. இதில் லென்ஸ் பையைத் தாங்கும் இழைகள் பலவீனம். பல வருடம் கழித்துப் பையோடு லென்ஸ் சரியக்கூடும். சரிந்த ட்ரைஃபோக்கல் சரிந்த மோனோஃபோக்கலைவிட மோசமாகப் பார்க்க வைக்கும்.

ஆபரேஷனின்போது பையின் பின்சுவர் கிழிவதும் நடக்கும், எவ்வளவு நல்ல கையிலும். அப்போது திட்டமிட்ட ஒற்றைத் துண்டு லென்ஸை விட்டுவிட்டு, மூன்று துண்டு லென்ஸைப் பைக்கு முன்னால் வைப்பார்கள். இடம் முன்னால் வருவதால் பவரை அரை முதல் ஒன்று வரை குறைப்பார்கள். தாங்க இடமே இல்லை என்றால் வெள்ளைவிழியில் பொருத்தும் முறைகள் உண்டு. விலை உயர்ந்த லென்ஸுக்குக் கையெழுத்துப் போடுமுன், "அது வைக்க முடியாமல் போனால் எதை வைப்பீர்கள், கட்டிய பணம் என்னாகும்?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தெளிவு எப்போது குறைந்தது?

குறை சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முதல் நாளிலிருந்தே மங்கல் என்றால் பெரும்பாலும் கருவிழி வீக்கம். ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். முதல் நாளிலிருந்தே காதுப் பக்கம் கருப்பாக ஒரு பிறை தெரிந்தால் அது லென்ஸ் விளிம்பில் ஒளி விலகுவதால் வரும் நிழல். பெரும்பாலும் சில மாதத்தில் மறைந்துவிடும். சிவப்பு, வலி, பார்வை சடாரென்று இறங்குதல் மூன்றும் சேர்ந்து முதல் வாரத்தில் வந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக வேண்டும்.

நன்றாக இருந்து, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் குறைந்தால், வரி நெளிந்து தெரிந்தால், விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கும். துளி மருந்தில் பெரும்பாலும் சரியாகும். சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களும் சர்க்கரைக்காரர்களும் இதில் அதிகம். மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்ல மங்கினால் பை மங்கியிருக்கும். "புரை திரும்ப வந்திருச்சு" என்பார்கள். புரை திரும்ப வராது. மங்கிய பையின் நடுவில் ஓட்டை போடும் யாக் லேசரில் சில நிமிடத்தில் வேலை முடியும். ஒரே ஒரு எச்சரிக்கை: ட்ரைஃபோக்கல் வைத்து, ஆரம்பத்திலிருந்தே பிடிக்காமல் இருக்கிறவருக்கு அவசரமாக யாக் போடக்கூடாது. பையில் ஓட்டை போட்ட பிறகு லென்ஸை மாற்றுவது சிக்கலான வேலை. கண் வறட்சி, மிச்சப் பவர் இரண்டையும் சரிபார்த்த பிறகே அந்த முடிவு.

ஒரு கண் செய்தபின் அந்தக் கண்ணில் வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்து தெரியும், மற்றதில் காவி ஏறித் தெரியும். பட்டுக்குச் சாயம் பார்க்கிறவர்கள் இதில் குழம்புவார்கள். புதுக் கண் காட்டுவதுதான் உண்மை நிறத்துக்குப் பக்கம்.

தேதி குறிக்கும்போது பருவத்தையும் பாருங்கள். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்னால் ஆபரேஷன் வைத்துக்கொண்டு, களத்துத் தூசியில் போய் நிற்பதைவிட, அறுவடை முடித்து வருவது நல்லது.

ஒவ்வொரு லென்ஸ் பெட்டியிலும் ஒட்டுச்சீட்டுகள் இருக்கும்: மாடல் பெயர், பவர், வரிசை எண், டோரிக்கானால் சிலிண்டர். டிஸ்சார்ஜ் அட்டையில் அதை ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கண்ணுக்குப் போகும்போது அந்தச் சீட்டும், முதல் கண்ணுக்குக் கடைசியாக எழுதிய கண்ணாடிச் சீட்டும் கையில் இருக்கட்டும். முதல் கண் எதிர்பார்த்ததைவிட முக்கால் பவர் மைனஸில் வந்து நின்றிருந்தால், அந்தப் பிசகில் ஏறக்குறைய பாதியை இரண்டாவது கண்ணின் கணக்கில் சரிசெய்துவிடலாம். வேறு மருத்துவமனையில் செய்துகொள்கிறவருக்கு அந்தச் சீட்டு இல்லையென்றால், இரண்டாவது கண்ணையும் முதல் கண்ணைப் போலவே புதிதாக ஊகித்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.